பொரி உள்ளானை அடையாளம் காண்பது எப்படி: வரப்பு முதல் குறிப்பேடு வரை

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் நஞ்சை வயல்களிலும் ஏரி முன்கரைகளிலும் பழுப்பு நிறச் சிறு பறவை ஒன்று சேற்றைக் கொத்திக்கொண்டு திரியும். நெருங்கினால் கூர்மையாகக் கத்தியபடி எழும்பிவிடும். அது பொரி உள்ளானாக இருக்கலாம், பச்சை உள்ளானாக இருக்கலாம், சாதாரண உள்ளானாகவும் இருக்கலாம். வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் இடறுவது இந்த மூன்றில்தான்.

இந்த வழிகாட்டி பொரி உள்ளானைப் பற்றியது. ஆனால் மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு இதை மட்டும் கற்க முடியாது. களத்தில் ‘இது பொரி உள்ளான்’ என்று சொல்வதற்குப் பாதி ஆதாரம், அது மற்ற இரண்டும் இல்லை என்பதுதான். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்ற வரிசையும் முக்கியம். புதியவர்கள் எடுத்த எடுப்பில் கால் நிறத்தைப் பார்க்கிறார்கள். சேற்றில் நிற்கும் பறவையிடம் ஏமாற்றத் தோதான உறுப்பு அதுதான்.

1. போகுமுன் தயார் செய்ய வேண்டியவை

பைனாகுலர் 8×42 போதும். 10 மடங்கு பெரிதாக்கும் கருவி கூடுதல் விவரம் காட்டும் என்று பலர் அதை வாங்குகிறார்கள். கை நடுக்கத்தையும் அது சேர்த்தே பெரிதாக்கும். பார்வைப் பரப்பும் குறுகலாக இருக்கும். உள்ளான் திடீரென்று எழும்பும் பறவை. எழும்பியதைத் தொடர்ந்து பிடிக்க அகலமான பார்வைதான் உதவும். முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி பெரிய ஏரிகளுக்கு நல்லது, வயலுக்குத் தேவையில்லை.

குறிப்பேட்டுக்குப் பென்சில் கொண்டுபோங்கள். பேனா மை பனியில் கரையும். வெள்ளை, மஞ்சள், சிவப்புச் சட்டைகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெட்டவெளி வயலில் அவை பறவையை நூறு அடிக்கு அப்பாலேயே கிளப்பிவிடும்.

போவதற்கு முந்தைய இரவு மூன்று உள்ளான்களின் குரலையும் கேட்டுவிட்டுத் தூங்குங்கள். சீனோ-கான்டோ என்ற இணையதளத்தில் மூன்றுக்கும் ஏராளமான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. களத்தில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால், பறவை ஒருமுறை கத்திவிட்டுப் போன பிறகு ஒப்பிட மனதில் எதுவும் இருக்காது.

வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது மரியாதை மட்டுமல்ல, வேலையும் சுலபமாகும். எந்த வயலில் இன்று உழவு, எதில் நேற்று நடவு, எந்த மடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அண்டை வெட்டிப் புதிதாகச் சேறு பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள். அது காய ஓரிரு நாள் ஆகும். நீங்கள் ஏறினால் சரிந்துவிடும்.

2. மாதத்தையும் இடத்தையும் பொருத்துங்கள்

பொரி உள்ளான் ஸ்காண்டிநேவியா தொடங்கி ரஷ்யா முழுவதும் கம்சட்கா வரை, வடகோடிக் காடுகளின் சதுப்புகளில் கோடையில் குஞ்சு பொரிக்கிறது. ஓர் ஈட்டுக்கு நான்கு முட்டை. குஞ்சுகள் பறக்கத் தொடங்கும் முன்பே பெண் பறவை பெரும்பாலும் கிளம்பிவிடும். மிச்சக் காவலை ஆண் பார்த்துக்கொள்ளும். இதனால் நம் ஊருக்கு முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். இளம்பறவைகள் சில வாரம் கழித்துத்தான் வரும். ஜூலைக் கடைசியில் ஒன்றிரண்டு தலைகாட்டும், ஆகஸ்டில் கூடும், செப்டம்பர், அக்டோபரில் இளம்பறவைகள் சேரும், ஏப்ரலில் திரும்பும். மே முதல் வாரத்தில் சில பின்தங்கி நிற்கலாம்.

குளிர்காலம் முழுவதும் இருக்கிறதே, எப்போது போனால் என்ன என்று நினைக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் கரையோரச் சேறு தண்ணீருக்குள் போய்விடும். பொரி உள்ளான் நீந்தித் தேடும் பறவையல்ல. கால் நனையும் அளவுத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். ஆகவே நவம்பர், டிசம்பரில் நிறைந்த ஏரியைச் சுற்றிவந்து ஏமாறுவதைவிட அருகிலுள்ள வயல்களுக்குப் போவது மேல். ஜனவரி பாதிக்குமேல் தண்ணீர் இறங்க இறங்க முன்கரை வெளிப்படும். பிப்ரவரி, மார்ச்சில் ஏரியின் நடுப்பகுதியில் மிஞ்சிய குட்டைகளைச் சுற்றிப் பறவைகள் குவியும்.

வயலிலும் ஒரு பருவம் உண்டு. சேற்றுழவு முடிந்து பரம்படித்த நாள், நடவுக்குப் பிந்தைய சில நாட்கள், அறுவடைக்குப் பின் தாளோடு தண்ணீர் தேங்கிய நாட்கள் ஆகிய மூன்றும்தான் நல்ல நேரம். உழவில் புழுவும் பூச்சிகளின் இளம்பருவங்களும் மேலே வரும். பயிர் தூர்கட்டி முழங்கால் உயரம் வந்துவிட்டால் பொரி உள்ளான் அந்த வயலை விட்டுவிடும். சுற்றிலும் பார்வை மறைந்தால் பருந்து வருவது அதற்குத் தெரியாது.

இடத்தைப் பொறுத்தவரை பள்ளிக்கரணை, கரிக்கிலி, கோடியக்கரை, கூந்தன்குளம் எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனாலும் உங்கள் ஊர்க் கண்மாயையே முதலில் சொல்வேன். வாரம் ஒருமுறை போக முடிகிற இடத்தில்தான் பழக்கவழக்கம் பிடிபடும். வேடந்தாங்கலுக்குப் போய் உள்ளானைத் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அங்கே நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்குத்தான் ஏரி. உள்ளான் வேண்டுமென்றால் ஏரிக்கரையின் மறுபக்கம் இறங்கி வயலைப் பாருங்கள்.

3. நிற்கும் இடத்தைச் சரி செய்யுங்கள்

காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை, மாலை நான்குக்குமேல். நடுப்பகலில் ஈரச்சேற்றின் மேல் கானல் ஆடும். முதுகுப் புள்ளிகளெல்லாம் குழம்பிப்போய்த் தெரியும்.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் பொரி உள்ளானும் பச்சை உள்ளான்போலக் கறுத்துத் தெரியும். தவறான பதிவுகளில் கணிசமானவை இதனால் வருபவை. எதிர்ப்பக்கம் போக வழியில்லை என்றால் அந்தப் பறவையை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.

நேராக நடந்து போகாதீர்கள். கொஞ்சம் சாய்வாக, வேறெங்கோ போகிறவரைப்போலப் போய், முப்பது நாற்பது மீட்டர் முன்னாலேயே வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். நிற்கும் மனித உருவத்துக்கு அஞ்சும் பறவை, உட்கார்ந்திருப்பவரைச் சில நிமிடங்களில் மறந்துவிடுகிறது. பக்கத்தில் ஆள்காட்டிக் குருவி இருந்தால் அதையும் கவனியுங்கள். அது கூச்சலிட்டால் வயலிலுள்ள உள்ளான்கள் எல்லாம் தலைநிமிர்ந்துவிடும்; அது அடங்கும்வரை நகராமல் இருங்கள்.

4. முதலில் அளவும் துணையும்

நிறத்தைப் பார்க்குமுன் அளவைத் தீர்மானியுங்கள். வெட்டவெளியில் தனியாக நிற்கும் பறவையின் அளவைக் கண் எப்போதும் தப்பாகவே சொல்லும். அதனால் பக்கத்தில் ஒரு துணை தேடுங்கள். வயலில் மைனா கட்டாயம் இருக்கும். பொரி உள்ளான் ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், மைனாவைவிடச் சற்றுச் சிறியது. உடல் ஒல்லி, கால் நெடியது. பச்சை உள்ளான் அதைவிட ஒரு சுற்றுப் பெரியது, மார்பு தடித்தது. சாதாரண உள்ளான் நீளத்தில் ஏறத்தாழ பொரி உள்ளான் அளவுதான். ஆனால் கால் குட்டையானதால் தரையோடு ஒட்டித் தெரியும்.

எத்தனை பறவைகள் என்பதும் ஒரு குறிப்பு. ஒரே வயலில் ஐந்து, பத்து என்று விட்டுவிட்டு மேய்ந்தால் பொரி உள்ளானாக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சை உள்ளான் பெரும்பாலும் தனியன். சாதாரண உள்ளான் தன் துண்டுக் கரையை வேறொன்றுக்கு விட்டுக்கொடுக்காது.

நிற்கும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மதகின் கல், கலிங்கு, ஆற்றுப்பாறை, கடற்கரைக் கல்லணை என்றால் சாதாரண உள்ளான். கரைமரம் கவிந்த ஒடுங்கிய வாய்க்கால், சிறு குட்டை என்றால் பச்சை உள்ளான். திறந்த சேற்று வயல், புல் முளைத்த ஆழமற்ற நீர் என்றால் பொரி உள்ளான். இவை வாய்ப்புகள்தான், தீர்ப்பு அல்ல. மூன்றும் ஒரே மடையில் நிற்பதையும் பார்க்கலாம்.

5. நடையைப் பாருங்கள்

குறைந்தது இரண்டு நிமிடம் பைனாகுலரை எடுக்காமல் பாருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். கையில் கருவி இருக்கும்போது வெறுங்கண்ணால் பார்ப்பது வீண் என்று தோன்றும். ஆனால் அசைவின் தாளம் சிறிதாகத் தெரியும்போதுதான் தெளிவாகப் பிடிபடும்.

சாதாரண உள்ளானின் பின்பாகம் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். நின்றாலும் ஆடும், நடந்தாலும் ஆடும். இரண்டு நிமிடத்தில் ஒருமுறைகூட நிற்காமல் ஆடினால் உங்கள் வேலை கிட்டத்தட்ட முடிந்தது. அதன் வால் மடித்த இறக்கை நுனியைத் தாண்டி நீண்டிருக்கும். ஆட்டம் கண்ணில் அடிப்பதற்கு அதுவும் காரணம்.

பொரி உள்ளானும் ஆட்டும். ஆனால் எப்போதாவது, சந்தேகம் வரும்போது. மற்றபடி நெடிய காலை எடுத்து வைத்து நிதானமாக நடக்கும், நீரின் மேற்பரப்பிலிருந்து கொத்தும், இரண்டடி வைக்கும், மறுபடி கொத்தும். சேற்றுக்குள் அலகை முழுதாகச் செருகித் தையல் இயந்திரம்போல் குத்திக்கொண்டே இருந்தால் அது விசிறிவால் உள்ளான் வகையைச் சேர்ந்ததாக இருக்கும். பச்சை உள்ளானின் நடை பொரி உள்ளானுக்கும் சாதாரண உள்ளானுக்கும் நடுவில் நிற்கிறது என்பதால் அதை நடையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

6. முகம், முதுகு, மார்பு, கால் கடைசி

இப்போது பைனாகுலரை எடுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

முகம். பொரி உள்ளானுக்கு அலகின் அடியிலிருந்து கண்ணுக்கு மேலாகச் சென்று, கண்ணைத் தாண்டியும் நீளும் வெளிறிய புருவக்கோடு உண்டு. பச்சை உள்ளானுக்கு அந்தக் கோடு அலகுக்கும் கண்ணுக்கும் இடையிலேயே நின்றுவிடும். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் மட்டும் எடுப்பாக இருக்கும். தலை உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து இந்த ஒன்றைப் பார்த்துவிட்டால், நிற்கும் பறவையில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை.

முதுகு. பொரி உள்ளானின் பழுப்பு முதுகில் வெளிறிய புள்ளிகள் இறைந்து கிடக்கும். பச்சை உள்ளானின் முதுகு கரும்பச்சை கலந்த கறுப்பு. புள்ளிகள் மிகச் சிறியவை, தூரத்தில் தெரியாது. சாதாரண உள்ளானின் முதுகு கிட்டத்தட்ட ஒரே பழுப்பு.

மார்பு. பச்சை உள்ளானின் மார்புக் கருமை கத்தியால் வெட்டியதுபோல் நின்று, கீழே பளிச்சென்ற வெள்ளை தொடங்கும். பொரி உள்ளானில் சாம்பல் பழுப்புக் கீற்றுகள் படிப்படியாக வயிற்று வெண்மையில் கரைந்துபோகும். சாதாரண உள்ளானில் பார்க்க வேண்டியது மார்பின் ஓரம். மடித்த இறக்கையின் முன்முனைக்கும் மார்பின் பழுப்புத் திட்டுக்கும் இடையே வயிற்று வெள்ளை ஓர் ஆப்புபோல மேலேறி நிற்கும். அந்த ஆப்பு தெரிந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை.

கால். பொரி உள்ளானின் கால் மஞ்சள் அல்லது மஞ்சள் கலந்த பச்சை; பச்சை உள்ளானுடையது மங்கிய கரும்பச்சை. புத்தகத்தில் இது சுலபம். வயலில் அந்தக் கால் இப்போதுதான் கரிசல் சேற்றிலிருந்து வெளியே வந்திருக்கும். முட்டிவரை கறுப்பு பூசியிருக்கும். ஈரத்தில் வெயில் பட்டு மின்னினாலும் நிறம் மாறும். தெளிந்த நீரில் நாலு அடி நடந்து கால் கழுவப்படும்வரை நிறத்தை எழுதாதீர்கள். அல்லது சேறு படாத தொடைப்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

7. பறக்கும் இரண்டு வினாடிகள்

உட்கார்ந்திருக்கும்போது எழும் சந்தேகமெல்லாம் பறவை எழும்பினால் தீர்ந்துவிடும். ஆனால் பிட்டம், இறக்கையின் அடிப்பக்கம், வால் மூன்றையும் ஒரே பறத்தலில் பார்க்க முயன்றால் எதுவும் பதியாது. எதைப் பார்க்கப்போகிறோம் என்று முன்னாலேயே தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: பிட்டம் வெள்ளையா? பொரி, பச்சை இரண்டுக்கும் வெள்ளை. சாதாரண உள்ளானுக்குப் பழுப்பு. அதற்குப் பதில் இறக்கை நெடுகிலும் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். அது பறக்கும் விதமும் தனி: இறக்கையை விறைப்பாகக் கீழ்நோக்கி வளைத்து, படபடவென்று அடித்து, சற்று மிதந்து, நீர்மட்டத்தை ஒட்டியே போய் எதிர்க்கரையில் உட்காரும்.

இரண்டாம் கேள்வி: இறக்கையின் அடிப்பக்கம் எப்படி? பொரி உள்ளானுக்கு வெளிறிய சாம்பல் வெள்ளை. பச்சை உள்ளானுக்குக் கறுப்பு. பறவை உங்கள் தலைக்கு மேலாக வட்டமடிக்கும்போது ஒரு கணம் இது தெரிந்தால் போதும். பச்சை உள்ளான் பறக்கும்போது முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பறவையாகவே தோன்றும்.

மூன்றாம் கேள்வி: விரல்கள் வாலுக்கு வெளியே நீண்டிருக்கின்றனவா? பொரி உள்ளானுக்கு விரல்கள் வால்நுனியைத் தெளிவாகத் தாண்டித் தெரியும். பச்சை உள்ளானுக்குச் சிறிதளவே. வாலின் குறுக்குக் கோடுகள் பொரிக்கு மெல்லியவை, பல. பச்சைக்கு அகலமானவை, சில. வாலைக் கடைசியில் வையுங்கள், இல்லையென்றால் கேமராவுக்கு விட்டுவிடுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உட்கார்ந்திருக்கும் பறவையை நூறு படம் எடுத்துவிட்டு, எழும்பும்போது கேமராவைத் தாழ்த்திவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எழும்பிய நொடியில் தொடர்ச்சியாக எடுத்த மங்கலான நாலு படம், அழகான உட்கார்ந்த படத்தைவிட அதிகம் சொல்லும்.

பறக்க வைப்பதற்காகக் கைதட்டுவதும் மண்ணாங்கட்டி எறிவதும் கூடாது. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து, ஏப்ரல் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கிற பறவை அது. ஒவ்வொரு தேவையற்ற எழும்பலும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. மாட்டை ஓட்டிக்கொண்டு ஒருவர் வரப்பில் வருவார், பருந்து ஒன்று தாழப் பறக்கும். நீங்கள் ஒன்றும் செய்யாமலே அது எழும்பத்தான் போகிறது.

8. குரலைத் தனியாக எழுதுங்கள்

பொரி உள்ளான் எழும்பும்போது ‘சிஃப்-இஃப்-இஃப்’ என்று வறண்ட, உயர்ந்த, வேகமான குரல் கொடுக்கும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். பச்சை உள்ளானின் குரல் செழிப்பானது, ஏறியிறங்குவது: ‘த்லுவீட்-விட்-விட்’. சாதாரண உள்ளான் மெல்லிய, இழைந்த ‘ட்வீ-வீ-வீ’ என்று தண்ணீரை ஒட்டிப் போகும்போதே ஒலிக்கும். இருட்டத் தொடங்கிய பின்னும் கேட்கும்.

எழுத்தில் குரலைப் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் உங்கள் காதுக்குப் பட்டதை உங்கள் எழுத்தில் உடனே எழுதுங்கள். புத்தகத்தில் உள்ளதை எழுதாதீர்கள். மூன்றாவது நான்காவது முறை போகும்போது நீங்கள் எழுதிய சொல்லே உங்களுக்கு அகராதியாகிவிடும். அதன்பிறகு மூடுபனியிலும் பெயர் சொல்லலாம்.

பதிவு செய்த குரலை வயலில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். மேய்ந்துகொண்டிருக்கும் பறவையைக் கலைப்பதைத் தவிர அதனால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

9. இந்த மூன்றுக்கும் வெளியே வரும் குழப்பங்கள்

பேடை உள்ளான்தான் இதில் மோசமானது. அதுவும் பழுப்பு, கூட்டமாக வயலில் இறங்கும், காலும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். தலை சிறியது, கழுத்து நீண்டது, வயிறு பருத்தது. முதுகில் புள்ளி இல்லை, செதில் செதிலான விளிம்புகள் தெரியும். எழும்பினால் வால் அடியின் இரு பக்கமும் இரண்டு வெள்ளை முட்டை வடிவங்கள் தெரியும்.

சதுப்பு உள்ளான் வெளிறிய சாம்பல், கால் மிக நீளம், அலகு ஊசிபோல் மெலிந்தது. பறக்கும்போது வெள்ளை பிட்டத்தோடு நிற்காமல் முதுகின் மேல் கூராக ஏறும். பச்சைக்காலியும் அப்படியே வெள்ளை ஏறுவது, ஆனால் உருவத்தில் மிகப் பெரியது, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்தது. பவளக்காலிக்குச் சிவந்த காலும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளையும் இருக்கின்றன. இவற்றைப் படித்து வைத்துக்கொண்டால் போதும். வயலில் குழப்பம் வருவது பெரும்பாலும் பேடை உள்ளானிடம்தான்.

10. எந்த மாதத்துப் பறவை என்று பாருங்கள்

புத்தகப் படம் ஒரு பருவத்துப் பறவை. உங்கள் முன்னால் நிற்பது வேறு பருவத்துப் பறவையாக இருக்கலாம். ஆகஸ்டில் வரும் முதிர்ந்த பறவையின் இறகுகள் தேய்ந்திருக்கும். புள்ளிகள் உதிர்ந்து முதுகு மொத்தையாகத் தெரியும். அதைப் பார்த்து ‘புள்ளியில்லை, ஆகவே பொரி உள்ளான் இல்லை’ என்று விட்டுவிடக் கூடாது. செப்டம்பர், அக்டோபரின் இளம்பறவைகளோ நேர்த்தியாக இருக்கும். முதுகு முழுக்க மஞ்சள் தோய்ந்த புள்ளிகள் வரிசை கலையாமல் நிற்கும்.

டிசம்பர், ஜனவரியில் எல்லாமே சாம்பல் படிந்து மங்கும். மார்ச் முடிவில் முதிர்ந்தவை இனப்பெருக்கக் கோலம் பூணத் தொடங்கும். முதுகு கறுத்து, வெள்ளைப் புள்ளிகள் பெருத்து, மார்புக் கீற்றுகள் அழுத்தமாகும். கற்கத் தொடங்க எந்த மாதம் நல்லது என்று கேட்டால் செப்டம்பர் பின்பாதி அல்லது ஏப்ரல் தொடக்கம் என்பேன். டிசம்பரில் தொடங்கி மனம் சலித்து விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

11. ஒரே பறவையை இருபது நிமிடம்

பெயர் தெரிந்ததும் அடுத்த பறவைக்கு ஓடாதீர்கள். பழக்கவழக்கம் தெரிய வேண்டுமானால் கூட்டத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து இருபது நிமிடம் விடாமல் பாருங்கள். கூட்டத்தைப் பார்க்கும்போது கண் எப்போதும் அசைகிற பறவைக்கே போகும்; சும்மா நிற்பவை, இறகு கோதுபவை கணக்கில் வராது. ‘எப்போதும் மேய்ந்துகொண்டே இருக்கிறது’ என்ற பொய்யான முடிவு இப்படித்தான் குறிப்பேட்டில் ஏறுகிறது.

நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன செய்கிறது, நீர் காலில் எதுவரை நிற்கிறது, மிக அருகிலுள்ள அடுத்த உள்ளான் எவ்வளவு தூரம். நீர்மட்டத்தைத் தனியே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரல் மட்டும் நனையும் இடத்தில் சேற்றின் மேல்தோலைக் கொத்தும். முட்டிவரை ஆழமுள்ள இடத்தில் நீந்தும் பூச்சியைத் துரத்தி அலகைப் பக்கவாட்டில் வீசும். ஒரு மடை திறந்து வயலில் நீர் ஏறும்போது இந்த மாற்றம் உங்கள் கண்ணெதிரே நடக்கும். உணவு பெரும்பாலும் நீர்ப்பூச்சிகள், அவற்றின் இளம்பருவங்கள், புழுக்கள், சிறு நத்தைகள். சில நேரம் தலைப்பிரட்டையும் மீன்குஞ்சும்.

பருந்து வரும்போது நடப்பதை விட்டுவிடாதீர்கள். சேற்றுப் பூனைப்பருந்து வயலுக்கு மேல் தாழ்வாக வந்தால் சில பொரி உள்ளான்கள் உடனே செங்குத்தாக எழும்பிக் கத்தும். சில தரையோடு பதுங்கி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் முதுகுப் புள்ளிகளுக்கும் ஈரச்சேற்றில் மினுங்கும் வைக்கோல் துணுக்குகளுக்கும் வேறுபாடு தெரியாது. எங்கே கிடக்கிறது என்று தெரிந்த பறவையையே நீங்கள் கண்ணால் தொலைத்துவிடுவீர்கள். எழும்பியவை உயரமாக ஒரு சுற்றுச் சுற்றி, பெரும்பாலும் வேறு வயலில் இறங்கும். எந்த வயலைத் தேர்ந்தது, அதில் என்ன இருந்தது என்பதை எழுதுங்கள்.

12. பதிவு செய்யும் முறை

குறிப்பேட்டில் பெயரை முதலில் எழுதாதீர்கள். தேதி, நேரம், இடம், வயலின் நிலை, பார்த்த அடையாளங்கள், குரல், எண்ணிக்கை, கடைசியில் பெயர். பெயரை முதலில் எழுதிவிட்டால், மனம் அதற்கு ஏற்ற அடையாளங்களைத் தானாகவே இட்டு நிரப்பிவிடும். பார்க்காத புருவக்கோட்டைப் பார்த்ததாகச் சத்தியம் செய்வீர்கள்.

எண்ணுவது பறவை தரையில் இருக்கும்போது. வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரே திசையில் எண்ணி, எதிர்த்திசையில் இன்னொரு முறை எண்ணுங்கள். கூட்டம் எழும்பிய பிறகு வந்த எண் பெரிதாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பதுங்கியிருந்தவை அதில் சேர்ந்திருக்கும்.

இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிடுபவர்கள் இனம் உறுதியாகாத பறவையைப் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு இடம் இருக்கிறது. மூன்று அடையாளங்களில் ஒன்றுதான் தெரிந்தது என்றால் அப்படியே விடுங்கள். செல்பேசிச் செயலி படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரை ஆதாரமாக வைக்காதீர்கள்; எதிர்வெயில் படத்தில் அதுவும் நம்மைப்போலவே தடுமாறும். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர விரும்பினால், அதற்குமுன் இரண்டு மாதமாவது உங்கள் ஏரியில் எண்ணிப் பழகுங்கள்.

உள்ளானை வலை வைத்துப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படியும் சில நெல் பகுதிகளில் நடக்கிறது. வலை கண்ணில் பட்டால் நீங்களே அறுக்கப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அந்தப் பகுதியில் பெரிய கூட்டம் இறங்கியிருந்தால் வயலின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஊர்ப் பெயரே போதும்.

கடைசியாகக் கால்களை இன்னொரு முறை பாருங்கள், இம்முறை வளையத்துக்காக. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நீண்ட காலமாகக் கரைப்பறவைகளுக்கு வளையம் பூட்டிவருகிறது; வேறு நாடுகளில் பூட்டிய பறவைகளும் இங்கே வரும். உலோக வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து இருந்தால் என்ன எழுத்து என்று எழுதுங்கள். இடது வலது என்பது பறவையின் இடது வலதுதான், பார்ப்பவருடையது அல்ல. எழுத்து முழுதாகத் தெரியாவிட்டால் தெரிந்தவரை எழுதி, தெரியாத இடத்தில் கோடு போட்டு, மும்பைக் கழகத்துக்குப் படத்தோடு அனுப்புங்கள்.